எல்லைக்கு அந்தப் பக்கம் குரைத்த நாய்

காலை எட்டரை மணிக்கு ஓஸ்னே நாயை அவிழ்த்துவிட்டது தப்பு. ஒன்பது மணிக்குள் அவளே அதை மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்டோபர் முதல் வாரம். மூஸ் என்கிற ராட்சத மானின் காளைகள் இணை தேடித் திரிகிற நாட்கள். மற்றச் சமயங்களில் நாய் குரைத்தால் காளை ஓடும். மேட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும். அங்கே அவள் குழுவின் ஐந்து பேர் ஆளுக்கொரு இடத்தில் துப்பாக்கியும் காப்பிக் குடுவையுமாகக் காத்திருப்பார்கள். ஆனால் இந்தப் பதினைந்து நாளும் பெட்டையோடு நிற்கிற காளை எதற்கும் ஓடாது. எதிரே வருவது நாயானாலும் டிராக்டரானாலும் அதன் கண்ணுக்குத் தன் பெட்டையைத் தட்டிப் பறிக்க வந்தவன்தான். இருபது வருடமாக வேட்டைக்கு வருகிறவளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வாரமாகக் குழு ஒரு காளையைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையில் புதுக் குளம்படி, காளை காலால் பறித்து மூத்திரம் பெய்த குழி, மூக்கைத் துளைக்கும் அதன் வீச்சம் எல்லாம் ஒன்றாகக் கிடைத்ததும் கை தானாக நாயின் கயிற்றைக் கழற்றிவிட்டது. எல்லை முந்நூறு மீட்டர்கூட இல்லை என்பதைக் கை எங்கே யோசித்தது?

எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் ஐலிவின் காடு.

அப்பா செத்தபின் காட்டை இரண்டாகப் பிரித்ததில் சண்டை ஆரம்பித்தது. கோர்ட்டு ஆள் வந்து மரங்களில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போனதிலிருந்து ஆறு வருடமாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. கடைத்தெருவில் எதிரே பார்த்தால் இருவருமே ரொட்டி விலையை உற்றுப் படிப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஓஸ்னே அடிபட்ட கன்று ஒன்றைத் துரத்திக்கொண்டு, தோட்டா போட்ட துப்பாக்கியோடு அவன் காட்டுக்குள் நுழைந்துவிட்டாள். ஐலிவ் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்து, அவள் கால் தடத்தை டேப் வைத்து அளந்தான். நாற்பது மீட்டர். அதை அப்படியே எழுதி வேட்டைக் கமிட்டிக்குக் கொடுத்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஓஸ்னேயின் குழுவுக்கே மூன்று வருடம் வேட்டை கிடையாது என்று கமிட்டி கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தைக் குழுத் தலைவன் ஹோக்னே வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறான்.

இப்போது அவள் நாய் தீரில் அந்த எல்லையைத் தாண்டி இருநூறு மீட்டர் உள்ளே குரைத்துக்கொண்டிருந்தது.

தீரில் சாம்பல் நிற வேட்டை நாய். நாலு வயசுப் பெட்டை. ஐலிவின் கிழட்டு நாய் போட்ட குட்டிதான். அது தெரிந்தே மூன்றாம் ஆள் மூலமாக வாங்கினாள். வீம்புக்கு வாங்கினாளா, பாசத்துக்கு வாங்கினாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. புருஷன் டிரான்ட்ஹைம் பட்டணத்தில் வேறொருத்தியோடு குடியேறிய பிறகு, அவள் வீட்டில் அவளைத் தவிர மூச்சு விடுகிற ஒரே ஜீவன் அதுதான். ராத்திரி அது மூச்சு விடும் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

கையிலிருந்த கருவியின் திரையில் நாய் ஒரு சிவப்புப் புள்ளி. கழுத்துப் பட்டை குரைப்பைக்கூட எண்ணிச் சொல்லும். நிமிடத்துக்கு எண்பத்தாறு. புள்ளி நகரவில்லை.

தோளில் வயர்லெஸ் கரகரத்தது. ஹோக்னே.

“ஓஸ்னே, நாய் எங்கம்மா நிக்குது?”

“அவன் காட்டுல.”

“எவன் காட்டுல?”

“எவன்னு தெரியாத மாதிரி கேக்காதே.”

“சரி. கூப்பிடு நாயை.”

“கூப்பிட்டாச்சு. வரல. காளை நகராம நிக்குது ஹோக்னே, அடிக்குது. அதோட குரலே மாறிடுச்சு.”

“அப்ப உன் அண்ணனுக்குப் போன் போடு.”

“மாட்டேன்.”

“போடுன்னா போடு. ரோஷத்தையெல்லாம் வீட்டுக்குப் போய் ஜாடியில ஊறுகாய் போட்டுக்கலாம். ஒண்ணு மட்டும் கேளு, துப்பாக்கியோட அந்தப் பக்கம் கால் வெச்சிடாதே. உன் அண்ணன் குழுவுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு காளைதான் அனுமதி, அதையும் முதல் நாளே சாய்ச்சுட்டாங்க. அந்தக் காட்டுல இனி ஒரு காளை விழுந்தா போலீஸ் கேஸு. நம்ம ஆறு பேரும் மூணு வருஷம் வீட்ல உக்காந்து பின்னல் போட வேண்டியதுதான்.”

ஓஸ்னே போனை எடுத்தாள். ஆறு வருடமாக அழைக்காத எண் என்றாலும் விரலுக்கு மனப்பாடமாக இருந்தது, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நாலு தடவை மணி அடித்தது. ஐந்தாவது தடவை அவன் துண்டித்துவிட்டான்.

“கட் பண்றான்! நாய் சாகக் கிடக்குது, கட் பண்றான் படுபாவி!” என்று காட்டைப் பார்த்துக் கத்தினாள். அவளுக்கு அந்தக் கணத்தில் அண்ணன் மேல் வந்த வெறுப்பு, ஆறு வருடத்தில் சேர்த்ததைவிடப் பெரியது.

எண்பத்தாறு அறுபதாகி, முப்பதாகியது. காற்றில் ஒரு கீச்சிடல் வந்தது, அதை அவள் திரையில் பார்க்கத் தேவையில்லை, காதாலேயே கேட்டாள். பிறகு திரையில் பூஜ்யம்.

அதற்குப் பிறகு ஓஸ்னே யோசிக்கவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த பைன் மரத்துக்கு இந்தப் பக்கம், தன் மண்ணில் ஒரு பிர்ச் மரத்தில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தாள். சுட முடியாதபடி அதன் போல்ட்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். துப்பாக்கி இல்லாமல் நாயைத் தேடிப் போக யாரும் தடை சொல்ல முடியாது. கையில் ஒரு மூஸின் காய்ந்த தோள்பட்டை எலும்பு மட்டும் இருந்தது. அதைப் புதரில் உரசினால் ஒரு காளை கொம்பைத் தேய்க்கிற சத்தம் வரும். காளையை வரவழைக்க இந்தப் பக்கத்து ஆட்கள் வைத்திருப்பது. இன்றைக்கு அதை வைத்துக்கொண்டுதான் அவள் எல்லையைத் தாண்டினாள்.

இருநூறு மீட்டர் சதுப்பு நிலம். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸை உறிஞ்சி உறிஞ்சி விட்டது. வாடை முதலில் வந்தது, பிறகு கொம்பு கண்ணில் பட்டது. முறம் அகலத்துக்கு இரண்டு பக்கமும் விரிந்த கொம்பு, அதில் கிழிந்த புதர்க் கொடி தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு பெட்டை, இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் இலையைக் கடித்துக்கொண்டு நின்றது. விழுந்து கிடந்த மரம் ஒன்றின் வேர்ச் சுவருக்கும் காளைக்கும் நடுவில் தீரில். வலது விலாவிலிருந்து தொடை வரை சிவப்பு. மூன்று காலில் நின்றது. குரைக்கவில்லை, பல்லை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. காளை தலையைத் தாழ்த்தியது.

ஓஸ்னே எலும்பைப் புதரில் வைத்து இழுத்தாள். கரக், கரக். தொண்டையின் அடியிலிருந்து “ஓக்” என்றாள். “ஓக்... ஓக்.”

காளையின் தலை நிமிர்ந்தது.

அது அவள் பக்கம் திரும்பியது. காது பின்னால் படிந்திருந்தது. திமில் மயிர் சிலிர்த்து நின்றது. வாயோரம் எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. கொம்பை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆட்டி, எவ்வளவு அகலம் பார் என்று காட்டியது. பிறகு கால் மடங்காமல் விறைப்பாக ஓர் அடி வைத்தது. அவளை நோக்கி இன்னோர் அடி வைத்தது.

நாய் அதன் பின்னால் சரிந்து உட்காருவதைப் பார்த்தாள். ‘உசிரோட இரு, நான் வரேன், உசிரோட இரு’ என்று மனசுக்குள் கெஞ்சினாள். வாய் மட்டும் “ஓக், ஓக்” என்று காளையை வைதுகொண்டிருந்தது.

ஓடக் கூடாது. ஓடினால் எதிரிக் காளை இல்லை, ஆள் என்று அதற்குத் தெரிந்துவிடும். ஒன்று மிதித்துப் போடும், அல்லது சீ என்று நாயிடமே திரும்பிப் போகும். எலும்பைத் தலைக்குப் பக்கத்தில் கொம்பு மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, உடம்பை ஆட்டி ஆட்டி, பின்னோக்கியே நடந்தாள். ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து எலும்பை உரசுவாள். அது வரும். அடுத்த மரத்துக்குப் பின்வாங்குவாள். ஒரு தடவை குதிகால் வேரில் தட்டி மல்லாந்து விழுந்தாள். காளை பத்தடி பாய்ந்து வந்து நின்றது. படுத்த வாக்கிலேயே எலும்பால் மரப்பட்டையைச் சுரண்டினாள். அதன் மூச்சுச் சத்தம் துருத்தி ஊதுவதுபோல் கேட்டது. பயமென்றால் அப்படி ஒரு பயம். மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த இருநூறு மீட்டரையும் அப்படியே மரம் மரமாகக் கடந்தாள்.

மஞ்சள் பெயின்ட் முதுகுப் பக்கம் வந்தது. தாண்டினாள். இன்னும் கொஞ்ச தூரம். பிர்ச் மரம் கைக்குத் தட்டுப்பட்டது. எலும்பைப் போட்டாள், போல்ட்டை எடுத்தாள். குளிரில் விறைத்த விரல்களுக்கு அது முதல் தடவை உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவை போயிற்று. உள்ளே மூன்று தோட்டா. காளை மஞ்சள் மரத்தைத் தாண்டி அவள் மண்ணில் ஏழெட்டு அடி வந்து நின்றது. தூரம் இருபத்தைந்து அடிதான் இருக்கும். அவள் குழுவுக்கு அனுமதி உள்ள காளை, அவள் குழுவின் நிலத்தில், நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்குமேல் ஒரு வேட்டைக்காரிக்கு என்ன வேண்டும்?

துப்பாக்கித் தொலைநோக்கியில் காளையின் நெஞ்சைப் பிடித்தாள். அதற்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் அசைந்தது.

கண்ணை எடுத்துப் பார்த்தாள். காளைக்குப் பின்னால் நாற்பது அடியில், ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, ஐலிவ். இரண்டு கையிலும் தீரிலை ஏந்தியிருந்தான். நாயையே பார்த்துக்கொண்டு, தன் கார் நிற்கிற பாதையை நோக்கி வேக வேகமாக வந்துகொண்டிருந்தான். காளை எப்போதோ பெட்டையோடு போயிருக்கும் என்று நினைத்திருப்பான். நிமிர்ந்தவன் அப்படியே உறைந்து நின்றான்.

மூஸைத் துளைக்கிற தோட்டா மூஸோடு நிற்காது. துளைத்துக்கொண்டு போனால் அடுத்தது அண்ணன், அவன் கையில் அவள் நாய். ஓஸ்னே விரலை விசையிலிருந்து எடுத்தாள்.

இடது பக்கம் நகர வழியில்லை, ஆளை இடுப்புவரை முழுங்கும் கறுப்புச் சேறு. வலது பக்கம் பத்தடி போனால் நேர்க்கோடு விலகிவிடும், காளையின் விலா கிடைக்கும், குறுக்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் எல்லை அந்த இடத்தில் முழங்கை மாதிரி மடிகிறது. வலது பக்கம் மூன்றாவது அடியே ஐலிவின் மண். அவன் டேப் வைத்து அளந்த அதே மூலை. கையில் இருப்பது தோட்டா போட்ட துப்பாக்கி. சுவரில் ஆணி அடித்த கடிதம் அவள் கண்முன் வந்து நின்றது. ஆறு பேர், மூன்று வருடம். கால் நகரவில்லை. அந்தச் சமயத்தில் போய் அதை யோசித்தாளே என்று அவள் மேல் நமக்குக் கோபம் வரலாம். ஆறு வருடம் ஒருவனுக்குப் பயந்து வாழ்ந்த கால் அப்படித்தான் நிற்கும்.

காளை முன்னங்காலால் மண்ணைப் பறித்தது.

ஐலிவ் முட்டி போட்டு, நாயை மெல்லத் தரையில் கிடத்தினான். அதன்மேல் கவிழ்ந்துகொண்டு தலையை மட்டும் தூக்கினான்.

“ஓஸ்னே! வலப் பக்கம் வா! என் பக்கம் வா!”

குரலைக் கேட்டுக் காளையின் காது திரும்பியது. பிறகு தலை திரும்பியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அது ஓஸ்னேயைத்தான் முட்டியிருக்கும், அவனுக்குத் தெரியும்.

“வாடி! அளக்க மாட்டேன், வா!”

ஓஸ்னே ஓடினாள். மூன்றாவது அடியில் எல்லையைத் தாண்டியது அவளுக்குத் தெரிந்தது. பத்தாவது அடியில் முட்டி போட்டாள். காளை முழுசாக அண்ணன் பக்கம் திரும்பி முதல் பாய்ச்சலை எடுத்திருந்தது. விலா அகலமாக அவள் பக்கம் இருந்தது, அதற்கு அப்பால் வெறும் மலைச் சரிவு. சுட்டாள். காளை நிற்கவில்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளி மறுபடி சுட்டாள். முதல் தோட்டா படும்போது அது ஓஸ்னேயின் மண்ணில்தான் இருந்தது. இரண்டாவதற்கு எந்த மண் என்று கேட்டால் யாரும் சத்தியம் பண்ண முடியாது. முன்னங்கால் இரண்டும் மடிந்து, கொம்பு சேற்றை உழுது, ஐலிவுக்கு நாலடி தள்ளிக் காளை விழுந்தது. ஒரு தடவை நீளமாக மூச்சு விட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஓஸ்னே துப்பாக்கியைக் காலி செய்து கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஐலிவ் ஏற்கெனவே தன் ஆரஞ்சுக் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாயின் விலாவில் சுற்றியிருந்தான். அந்தக் குளிரில் வெறும் பனியனோடு இருந்தான்.

“இங்க அமுக்கு. ரெண்டு கையாலயும். இன்னும் அழுத்தி.”

அமுக்கினாள். சட்டையைத் தாண்டி வெதுவெதுப்பாக ரத்தம் வந்தது. தீரில் கண்ணைத் திறந்திருந்தது, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

“போன் பண்ணேன். கட் பண்ணினே,” என்றாள் ஓஸ்னே. இத்தனைக்கும் நடுவில் அதுதான் முதலில் வந்தது.

“ஓடிட்டிருந்தேன். பேசினா நிக்கணும்ல. அதோட அம்மா குரைக்கிற மாதிரியே குரைக்குது, எனக்குத் தெரியாதா? துப்பாக்கியைக்கூட மரத்துல சாய்ச்சுட்டு வந்தேன், அதைத் தூக்கிட்டு ஓட முடியல. வயசாச்சு.” பேசிக்கொண்டே அவன் கால்நடை மருத்துவருக்கு எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு மண்ணில் வைத்தான்.

மருத்துவர் அம்மாள் நிதானமான பெண்பிள்ளை. “குடல் வெளிய தெரியுதா?” என்று கேட்டாள்.

“இல்ல. தோலும் சதையும்தான் கிழிஞ்சிருக்கு. ஒரு விலா எலும்பு தெரியுது.”

“உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. என்ன நிறம்?”

ஓஸ்னேயின் இரண்டு கையும் காயத்தின் மேல் இருந்தது. ஐலிவ்தான் உதட்டைத் தூக்கினான். அந்த ஒரு வினாடி ஓஸ்னே கண்ணை மூடிக்கொண்டாள். வெளுத்திருந்தால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“ரோஸ்,” என்றான் ஐலிவ். “நல்ல ரோஸ் நிறம், டாக்டர்.”

“விரலால அழுத்தி விடுங்க. நிறம் திரும்ப வருதா?”

“வருது. உடனே வருது.”

“அப்பப் பிழைச்சுக்கும். அமுக்கின கையை எடுக்காம கொண்டு வாங்க, நான் தையலுக்கு எல்லாம் எடுத்து வெக்கிறேன்.”

ஓஸ்னே நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ஈர மண் வாசனையும் ரத்த வாசனையும் அடித்தன.

அந்த நேரம் பார்த்துத் தோளில் வயர்லெஸ் கத்தியது.

“ஓஸ்னே! ரெண்டு குண்டு கேட்டுச்சு! யாரு சுட்டது? நீ எங்க நின்னு சுட்டே? மேப்ல உன் புள்ளி மூலைக்கு அந்தப் பக்கம் காட்டுதே! சொல்லித் தொலைம்மா, கமிட்டிக்கு நான் என்னன்னு எழுதறது?”

அவளால் காயத்திலிருந்து கையை எடுக்க முடியாது. ஐலிவ் குனிந்து அவள் தோளிலிருந்து வயர்லெஸ்ஸைக் கழற்றினான். அவன் விரலெல்லாம் ரத்தம். பித்தானை அழுத்தினான்.

“ஹோக்னே, ஐலிவ் பேசறேன். என் மண்ணுல நின்னுதான் சுட்டா. நான்தான் வான்னு கூப்பிட்டேன். என் தங்கச்சி என் காட்டுக்குள்ள வர்றதுக்கு இனி எவன் அனுமதியும் வேண்டாம். அதையும் சேத்து எழுதிக்கோ. வந்து உங்க காளையை எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு வேலை இருக்கு.”

ஓஸ்னே அழுதுகொண்டிருந்தாள். நாய்க்காக அழுகிறாளா, வேறு எதற்காகவாவது அழுகிறாளா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

“அண்ணே,” என்றாள்.

“அழுகையைக் காருக்குள்ள வெச்சுக்கலாம், எழுந்திரு,” என்றான் அவன். அவன் கண்ணும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. “நான் தலைப் பக்கம் தூக்கறேன். நீ கையை எடுக்காம கூடவே வா.”